‘போனது’ என்ற காலிக் கட்டம்

ஹம்பேர்க்கில் புது வீட்டு முகவரியைப் பதியப் போன அன்றுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஐந்து வாரம் காத்திருந்து கிடைத்த டெர்மின், அதாவது சந்திப்பு நேரம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி என் விவரங்களைக் கணினியில் ஏற்றி முடித்தார். “டார்ம்ஸ்டாட்டில் நான் அங்கிருந்து கிளம்பிவிட்டேன் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?” என்று கேட்டேன். தேவையில்லையாம். இங்கே பதிந்ததும் அங்கே தானாக நீங்கிவிடுமாம். “ஒரே ஆள் இரண்டு ஊரில் எப்படி இருக்க முடியும்?” என்று சொல்லிச் சிரித்தார்.

இருக்க முடியும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி இருந்தார். டார்ம்ஸ்டாட்டில் மூன்றாவது மாடி வீட்டில் இறந்துபோனார். ஜப்பானில், கடலோரத்துச் சின்ன நகரம் ஒன்றில், ஒரு நோட்டின் கணக்குப்படி இன்னும் இருக்கிறார். அவரை அங்கே அப்படி நிற்க வைத்தவள் நான்.

முத்திரை குத்திய தாளை வாங்கிக்கொண்டு படியில் இறங்கும்போதே கேள்வி முளைத்துவிட்டது. நானே போய் எழுதிவிட்டு வந்தால் என்ன?

அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அவர் வழக்கப்படி, ஓரிடத்தில் பெயரை எழுதினால் அங்கிருந்து கிளம்பியதையும் எழுதியாக வேண்டும். ஆகவே அக்கா என்றே சொல்கிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிட்டேன், என் அம்மாவைவிட நான்கு வயது மூத்தவர் என்றாலும்.

முதன்முதலில் பார்த்தது பல்கலைக்கழக உணவகத்தில். சேலத்திலிருந்து மேற்படிப்புக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. தட்டில் விழுந்த நூடுல்ஸைப் பார்த்து, யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில், “உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல, இதைத் தின்னுட்டு எவன் இன்ஜினியர் ஆவான்?” என்று சத்தமாகவே சொன்னேன். பரிமாறும் கரண்டியைப் பிடித்திருந்த கை நின்றது. தலையில் வலைத்தொப்பி போட்ட ஓர் அம்மாள் நிமிராமலே சொன்னார்:

“உப்பு அங்கை மேசையிலை கிடக்கு. உறைப்பு வேணுமெண்டால் பின்னேரம் வீட்டை வாரும்.”

போனேன். லண்டனுக்குப் போய்விட்ட மகனின் அறை காலியாக இருந்தது. அடுத்த மாதம் அந்த அறைக்கே குடிபோனேன்.

அந்த வீட்டுக் கதவின் உள்பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியில் நூல் கட்டி ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தொங்கும். அவர் அதைக் கொப்பி என்பார். ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து, அவர் சொல்லில் அடிமட்டம் வைத்து, இழுத்த கோடுகள், மூன்று கட்டங்கள்: பெயர், வந்தது, போனது. உள்ளே நுழையும் எவரும் எழுத வேண்டும். ஹீட்டர் மீட்டர் பார்க்க வந்தவர், பார்சல்காரர், கெல்சென்கிர்ச்சனிலிருந்து வரும் அவருடைய மச்சாள் குடும்பம், எல்லோரும். மச்சாளின் மூன்று வயதுப் பேத்திக்கு எழுதத் தெரியாததால் ஒரு பூ வரைந்து நேரம் போட்டிருந்தார்.

“என்னக்கா இது, இமிகிரேஷன் கவுன்டர் மாதிரி?” என்றேன் முதல் நாள்.

“ஓம். விசா ஓக்கே. பெயரை எழுதிப்போட்டு உள்ளை வாரும், சோறு ஆறுது.”

பால் வாங்கக் கீழே போனால்கூட எழுத வேண்டும். ஆறு நிமிடம்தானே என்று எழுதாமல் ஓடினால் திரும்பி வரும்போது பேனாவும் கையுமாகக் கதவருகே நிற்பார். திட்ட மாட்டார். பேனாவை நீட்டுவார், அவ்வளவுதான். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஒரே சமயத்தில் நாலு வேலையைத் தொடங்கி ஐந்தாவதற்கு ஓடுகிறவள் நான். வாழ்க்கையில் கோடு போட்டுக் கட்டம் கட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

வெளியே கூட்டிப்போனால் இன்னும் மோசம். கெல்சென்கிர்ச்சனில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் பெண்ணின் தாயைப் பிடித்து “நான் வந்திட்டன்” என்றார். அது சரி. கிளம்பும்போதும் அதே தாயிடம்தான் சொல்ல வேண்டுமாம். பெண்ணின் தகப்பன் வாசலிலேயே நின்றார், சித்தப்பாமார் நின்றார்கள், யாரும் செல்லாது. தாயாரோ மண்டபத்தின் ஏதோ மூலையில் வீடியோக்காரரிடம் மாட்டிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் தேடினோம். கடைசி நேரடி ரயில் போனது.

“அந்த அங்கிள்கிட்ட சொல்லிட்டு வந்திருந்தா என்னக்கா?”

“ஆரிட்டை வந்தனெண்டு சொன்னனோ, அவவிட்டைத்தான் போறனெண்டும் சொல்லோணும். இல்லாட்டி அவவின்ரை கணக்கிலை நான் இன்னும் மண்டபத்திலை நிக்கிறன்.”

மச்சாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அவவுக்கு அகதி முகாம் விசர் இன்னும் போகேல்லை” என்று சொல்லிச் சிரித்தார். விசர் என்றால் பைத்தியம். வந்த புதிதில் அக்காவை ஒரு சின்ன ஊரின் முகாமில் வைத்திருந்தார்களாம். மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது, வாரம் ஒருமுறை அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் அதைச் சிறை என்று அழுதபோது இவர் ஒருவர் மட்டும் சேலையை நல்லபடியாக உடுத்திக்கொண்டு நேரத்துக்கு முன்பே போய் நிற்பாராம்.

இதை அக்காவிடமே கேட்டேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“பொய்யில்லை. கிழமைக்கு ஒருக்கா என்ரை பேரைப் பாத்து, என்னைப் பாத்து, எழுதினவை. நான் இருக்கிறன் எண்டதுக்கு ஒரு கடுதாசி இருந்தது. அது எல்லாருக்கும் கிடைக்கிறேல்லை, பிள்ளை.”

யாருக்குக் கிடைக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, எனக்கு வகுப்புக்கு நேரமாகியிருந்தது.

ஜப்பான் என்னால்தான் வந்தது. பேராசிரியருடன் எழுதிய ஒரு கட்டுரை அங்கே ஒரு சிறிய நகரத்தில் நடந்த கருத்தரங்குக்குத் தேர்வானது. நான் குதித்துக்கொண்டு வந்து சொன்னதும் அக்கா கேட்டார்:

“அங்கை எங்கடை ஆக்கள் இருக்கினமோ?”

“அந்த ஊர்லயா? ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்கக்கா.”

“அப்ப நானும் வாறன்.”

நான் விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்து எத்தனையோ வருடமாகியும் அவர் போன ஊர்களெல்லாம் பாரிஸ், லண்டன், டொரன்டோ. எல்லாம் கல்யாணமும் சாவும். “போற இடமெல்லாம் ஆரோ கையைப் பிடிச்சு, தம்பியைப் பற்றி ஏதும் தெரிஞ்சதோ எண்டு கேக்குதுகள். ஒருத்தரும் கேள்வி கேக்காத ஊர் ஒண்டு பாக்கோணும்” என்றார். தம்பி என்று ஒருவர் இருந்ததே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஜூன் தொடக்கத்தில் போனோம். அப்படியொன்றும் பார்க்கும்படியான ஊர் இல்லை. சுற்றுலாப் பயணிகள் வேகரயிலின் ஜன்னல் வழியாகக் கடந்துபோகிற ஊர். கூரை போட்ட நீண்ட கடைத்தெரு, கடைகளில் பாதிக்கு மேல் ஷட்டர் இறக்கிக் கிடந்தது. அகழி மட்டும் மிஞ்சிய கோட்டை. மாலை ஐந்து மணிக்கு ஊரின் கம்பங்களில் இருக்கும் ஒலிபெருக்கிகள் எல்லாம் சேர்ந்து ஒரு மெல்லிய மணிப்பாட்டை ஒலிபரப்பும். தெருவில் நாலு பேர்தான் இருப்பார்கள், அந்த இசை மட்டும் ஒரு பெருங்கூட்டத்துக்கு வாசிப்பதுபோல் பரவும். முதல் தடவை கேட்டபோது அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு அந்த ஊர்ப் பேருந்து பிடித்துப்போனது. பின்வாசலில் ஏறும்போது இயந்திரத்திலிருந்து எண் போட்ட சிறு சீட்டை இழுத்துக்கொள்ள வேண்டும், எங்கே ஏறினோம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. இறங்கும்போது முன்வாசலில் ஓட்டுநர் பக்கத்திலுள்ள பெட்டியில் அதைப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

“பாத்தீரோ! ஏறினதுக்கும் துண்டு, இறங்கினதுக்கும் துண்டு. ஒரு ஆளையும் பஸ்ஸிலை விட்டிட்டுப் போகாது” என்றார். நான் மாநாட்டில் இருந்த பகல்களில் சும்மா ஏறி இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஆனால் நான் சொல்ல வந்தது போலீஸ் சாவடியைப் பற்றி. ரயில் நிலையத்துக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, சிவப்பு விளக்கு போட்ட ஓர் அறை. வழி கேட்கவும் தொலைந்த குடையைத் தேடவும் ஜனங்கள் அங்கே போவார்கள். முதல் நாள் காலை அக்கா கைப்பையை இறுக்கிக்கொண்டு நேராக அதற்குள் நுழைந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே கண்ணாடி போட்ட இளம் காவலர். அக்கா ஜெர்மன் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் பதறி எழுந்து, தொப்பியைச் சரிசெய்து, மொழிபெயர்க்கும் கைபேசியை நடுவே வைத்தார். கைபேசி ஜெர்மனில் கேட்டது: “எதைத் தொலைத்தீர்கள்?”

“ஒன்றையும் தொலைக்கவில்லை” என்றார் அக்கா ஜெர்மனில். “நான் வந்திருக்கிறேன்.”

காவலர் திரையைப் படித்தார். திரும்பவும் படித்தார். யாரையாவது தேடுகிறீர்களா என்றார். வழி தெரியவில்லையா என்றார். இல்லை, இல்லை. வந்திருக்கிறேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். நான் குறுக்கிட்டு, “அக்கா, ஹோட்டல்லயே பாஸ்போர்ட் காப்பி எடுத்துட்டாங்க. டூரிஸ்ட் யாரும் போலீஸ்ல பதிய வேணாம், வாங்க போலாம்” என்றேன்.

“அது கடைக்காரன் எழுதினது. ஊர் எழுதேல்லை.”

அந்தக் காவலர் நல்ல மனிதர். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அதில் என்ன எழுதுவார்களோ எனக்குத் தெரியாது. புதுப் பக்கத்தைத் திறந்ததும் அக்கா கைப்பையிலிருந்து ஆறு அங்குல அடிமட்டத்தை எடுத்து, அவரிடமே பென்சில் வாங்கி, ஜப்பான் போலீஸின் நோட்டில் கோடு போட்டார். மூன்று கட்டங்கள். காவலர் தடுக்கவில்லை. அக்கா சொல்லச் சொல்ல அந்தப் பெயரைத் தன் எழுத்தில் எழுதி, நேரம் போட்டு, மூன்றாவது கட்டத்தைக் காட்டி இது என்ன என்பதுபோல் நிமிர்ந்தார்.

“அது போகும்போது” என்றார் அக்கா.

நான் கைபேசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தேன். ‘இமிகிரேஷன் கவுன்டர், ஜப்பான் கிளை’ என்று நண்பர்கள் குழுவில் போட்டேன். நிறையப் பேர் சிரித்தார்கள்.

அடுத்த நாள் மாலை ஷட்டர் இறக்கிய அந்தக் கடைத்தெருவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஐந்து மணிப் பாட்டு முடிந்திருந்தது. அன்றைக்குத்தான் கேட்டேன், ஏன் அக்கா இப்படி என்று. சந்தை விலை சொல்வதுபோல் சொன்னார்.

“தம்பி வெளிநாடு வாறதுக்குக் கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜிலை நிண்டவன். பிறகு ஆளைக் காணேல்லை. நான் போய்க் கேட்டன். மனேச்சர் நல்ல மனுசன், கொப்பியை எடுத்துக் காட்டினவர். அவன்ரை பேர் இருந்தது. வந்த நேரம் இருந்தது. போனது எண்ட இடம் வெறுமை. பொலிசிலை போய் ஆளைப் பிடிச்சதோ எண்டு கேட்டன். லொட்ஜிலைதானே நிக்கிறான், அங்கை போய்க் கேள் எண்டினம். கொப்பியிலை போனதெண்டு இல்லைத்தானே.” கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டு சொன்னார்: “அவன் அங்கைதான் நிக்கிறான், பிள்ளை. எழுதுப்படாமல் ஆள் எப்பிடி வெளிக்கிடுறது?”

நான் அவர் கையைப் பிடித்திருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை. மறுநாள் வாசிக்க வேண்டிய கட்டுரை மடியில் இருந்தது.

கடைசி நாள் காலை. ஏழு இருபதுக்கு ரயில். அக்கா விடிந்ததிலிருந்தே தயார், நான்தான் பெட்டியை மூட முடியாமல் தாமதமாக்கினேன். சாவடிக்கு வந்தபோது ரயிலுக்கு ஒன்பது நிமிடம் இருந்தது. உள்ளே ஆள் இல்லை. மேசைமேல் ஒரு தொலைபேசியும் ரோந்துக்குப் போயிருப்பதாகச் சொல்லும் படப் பலகையும். இழுப்பறை பூட்டியிருந்தது.

“வந்திடுவார். இருப்பம்.”

“டிரெயின் போயிடும்க்கா.”

“அஞ்சு நிமிசம், பிள்ளை.”

“ஒரு சீட்டுல எழுதி வச்சிட்டு வாங்களேன்.”

“சீட்டு பறக்கும். கொப்பியிலைதான் எழுதோணும்.”

ஐந்து நிமிடம் போனது. கதவுக்கு வெளியே போய்ச் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். என் பொறுமை அறுந்தது. சொல்லிவிட்டேன்:

“அக்கா, இது கொழும்பு இல்ல. உங்கள யாரும் இங்க தேட மாட்டாங்க. வாங்க!”

அவர் என்னைப் பார்த்தார். அடிமட்டத்தைக் கைப்பைக்குள் வைத்தார். பெட்டியின் கைப்பிடியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். விமான நிலையத்தில் நாங்கள் மூன்றேகால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். எட்டு மணி ரயிலைப் பிடித்திருந்தாலும் வந்திருக்கலாம். அந்த ரயில் இருந்தது எனக்கு முன்பே தெரியும். காத்திருப்பது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான் காரணம்.

டார்ம்ஸ்டாட் வீட்டுக் கதவைத் திறந்ததும் கொப்பியில் நான் வந்த நேரத்தை எழுதினேன். பேனாவை நீட்டினேன். பயணம் கிளம்பிய அன்று அவர் ‘போனது’ எழுதியிருந்தார். இப்போது புது வரியில் ‘வந்தது’ எழுத வேண்டும். பேனாவை வாங்கவில்லை.

“நான் இன்னும் வரேல்லை, பிள்ளை” என்றார்.

சிரிப்பார் என்று காத்திருந்தேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் வைக்கப் போனார்.

வேறெந்த மாற்றமும் இல்லை. வேலைக்குப் போனார், சமைத்தார், மச்சாளோடு தொலைபேசியில் சண்டை பிடித்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் பெயர் அந்தக் கொப்பியில் இல்லை. வெளியே போனாலும் எழுதவில்லை, வந்தாலும் எழுதவில்லை. வாரக் கடைசியில் காலை பத்து மணி ஆனதும் கையிலிருப்பதை வைத்துவிட்டுக் கொஞ்சம் தலையைச் சாய்ப்பார். ஒருநாள் என்னக்கா என்றேன். “அங்கை மணி அடிக்குது” என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கே பத்து, அங்கே மாலை ஐந்து. குளிர்காலத்தில் இங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு பத்து மணிக்கு அவர் தலை சாயவில்லை. ஒன்பதுக்குச் சாய்ந்தது. நான் அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

ஜனவரியில் பயிற்சி வேலைக்கு ஹம்பேர்க் கிளம்பினேன். கதவருகில் நின்று, “எழுதிப்போட்டீரோ?” என்றார். “எழுதிட்டேன்க்கா.” “அப்ப சரி, போயிட்டு வாரும்.” அதுதான் கடைசி. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காலை ஒன்பது மணி போல என்று மருத்துவர் சொன்னாராம்.

மகன் லண்டனிலிருந்து வந்து காகித வேலைகளை முடித்தார். இந்த நாட்டில் சாவுக்கு எத்தனை கடுதாசி! பதிவு அலுவலகம், காப்பீடு, வீட்டு ஒப்பந்தம், வங்கி, நூலக அட்டைகூட. ஒவ்வொன்றிலிருந்தும் அவர் முறையாக வெளியே போனார். “அம்மா இருந்தா சந்தோசப்பட்டிருப்பா” என்று மகன் சொன்னார். அடிமட்டத்தையும் கதவுக் கொப்பியையும் எனக்குக் கொடுத்தார். எல்லாம் முடிந்ததா என்று கேட்டேன். எல்லாம் முடிந்தது என்றார். எனக்கும் அப்போது ஜப்பான் நோட்டு ஞாபகம் வரவில்லை.

ஹம்பேர்க் அலுவலகத்தில் அந்தப் பெண்மணி சிரித்த பிறகுதான் பழைய படத்தைத் தேடி எடுத்தேன். மூன்று கட்டங்கள். எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு பெயர். வந்த நேரம். மூன்றாவது கட்டம் வெறுமை. பெரிதாக்கிப் பார்த்தால் அக்கா பென்சிலை அழுத்திய இடத்தில் தாள் லேசாகப் பள்ளமாகியிருப்பது தெரிகிறது.

அந்த ஊரின் ரயில் நிலைய முகப்பை வானிலைக்காக நேரலையில் காட்டும் கேமரா ஒன்று இணையத்தில் இருக்கிறது. கண்டுபிடித்திருக்கக் கூடாது. இப்போது தினமும் காலை பத்து மணிக்குத் திறக்கிறேன். ஒலி கிடையாது. சிவப்பு விளக்கு தெரிகிறது. சாவடி வாசலை ஒட்டி எப்போதும் யாரோ ஒருவர் கைப்பையோடு நிற்கிறார், சாலையின் இரண்டு பக்கமும் பார்க்கிறார். அங்கே பேருந்து நிறுத்தம் இருக்கிறது, யாராவது நிற்பார்கள்தான். பேருந்து வந்து போனதும் அவர்கள் போய்விடுகிறார்களா என்று மட்டும் நான் இதுவரை பார்த்ததில்லை. பேருந்து வருவதற்குள் மூடிவிடுகிறேன்.

அக்டோபரில் போகிறேன். விடுமுறை சொல்லியாயிற்று. என்னுடன் படித்த ஜப்பானியத் தோழி ஒருத்தி இரண்டு வாக்கியங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், குளியலறையில் நின்று சொல்லிப் பழகுகிறேன். ‘நான் வந்திருக்கிறேன்.’ ‘இவர் போய்விட்டார்.’ இதைப் போலீஸிடமா சொல்லப் போகிறாய் என்று முதலில் சிரித்தாள். படத்தைக் காட்டியதும் இரண்டாவது வாக்கியத்தை மட்டும் இன்னும் மரியாதையாக மாற்றிக்கொடுத்தாள்.

அந்தக் காவலர் மாற்றலாகிப் போயிருக்கலாம். நோட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம். அன்றைக்கே, நாங்கள் வெளியேறியதும், அந்தப் பக்கத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டிருந்தாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. அப்படியானால் புதுப் பக்கம் கேட்பேன். கோடு நானே போடுவேன், அடிமட்டம் பெட்டியில் ஏற்கெனவே வைத்தாயிற்று. ரோந்துக்குப் போயிருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

அந்த ஊரிலிருந்து திரும்பும் ரயிலுக்கு மட்டும் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. எந்த நேரத்துக்கு எடுப்பது?